சும்மா வகுப்பு

சிட்னியில் லிட்கம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மருந்துக் கடைக்கும் கொரியன் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே ஓர் இரத்தப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. அங்கே இரத்தம் எடுக்கிறவள் யசிந்தா. நரம்பு பிடிபடாத வயதானவர்களும், ஊசியைக் கண்டாலே முகம் வெளிறும் பெரிய பெரிய ஆண்களும் அவளைக் கேட்டு வருவார்கள். மற்றவர்கள் மூன்று இடத்தில் குத்திப் பார்க்கிற கையில் அவள் விரலால் ஒரு தடவு தடவி, ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். அரபு பேசுகிற கிழவிகள் அவளுக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அவளுடைய ஊர் மன்னாரில் பேசாலை. தகப்பன், படகுகளும் வலையும் சொந்தமாக வைத்திருந்த ஒரு சம்மாட்டியிடம் கூலிக்குக் கடலுக்குப் போனவர். யசிந்தா ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் சோதனை எழுதிய வருடம் அதே சம்மாட்டியின் மகளும் எழுதினாள். ஊரிலேயே பெரிய வீடு, வீட்டுக்கு வந்து படிப்பிக்க ஒரு ரீச்சர், எல்லாம் அந்தப் பிள்ளைக்கு இருந்தது. சோதனை மறுமொழி வந்தபோது யசிந்தா, தேறுவதற்கு எடுக்க வேண்டிய வெட்டுப்புள்ளிக்கு மேலே. சம்மாட்டியின் மகள் கீழே. அடுத்த வருடம் யுத்தம் வந்து அந்தப் படிப்பைக் குலைத்துப் போட்டது வேறு கதை. ஆனால் ஒரு விசயம் அவளுக்குள் கல் மாதிரி நின்றுவிட்டது. உலகத்தில் எல்லாமே ஆளைப் பார்த்துத்தான் நடக்கும். வெட்டுப்புள்ளி ஒன்று மட்டும் ஆளைப் பார்க்காது.

ஆகவே சிட்னியில் செலெக்ரிவ் வகுப்பு என்று ஒன்று இருப்பதை அறிந்த நாளிலிருந்து அவளுக்கு அது பழகிய இடமாகவே தெரிந்தது. ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் ஒரு சோதனை எழுதுவார்கள். புள்ளி கூடினவர்களுக்கு அரசாங்கப் பள்ளிக்கூடத்திலேயே தனி இடம். சில பள்ளிக்கூடங்கள் முழுக்க அப்படி. சிலவற்றில் ஒவ்வொரு ஆண்டிலும் ஒரு வகுப்பு மட்டும் சோதனையில் தெரிவானவர்களுக்கு. மற்ற வகுப்புகளில் சுற்றுவட்டாரப் பிள்ளைகள். யசிந்தாவின் வீட்டுக்குக் கிட்டின பள்ளிக்கூடம் இந்த இரண்டாவது வகை.

மூத்தவள் ஜெனோஜாவுக்கு அந்த வகுப்பு கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து இளையவன் றொகானும் எழுதினான். அவனுக்குக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் அதேதான், அவர்கள் இருப்பது அந்த வட்டாரம் என்பதால். ஒரே கேற், ஒரே சீருடை, ஒரே மணி. வகுப்பு மட்டும் வேறு.

மறுமொழி வந்த அன்று ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி போன் எடுத்தாள்.

"றொகானுக்கு என்ன மாதிரி அக்கா?"

"அவனும் அந்த ஸ்கூலுக்குத்தான் போறான். ஆனா அவன் சும்மா வகுப்பு."

அதில் ஒரு குத்தலும் இல்லை. அவர்கள் வீட்டில் கோயிலுக்குப் போடுகிற சட்டை ஒன்று, மற்றது சும்மா சட்டை. திருநாள் ஒரு நாள், மற்றது சும்மா நாள். பிரியாணி இல்லாவிட்டால் சும்மா சோறு. விசேசம் ஒன்றும் இல்லாத எதற்கும் அந்தச் சொல் பொருந்திவிடும். அப்படியே அது வீட்டில் ஒரு பெயராக உட்கார்ந்துவிட்டது. "சும்மா வகுப்புக்கு நாளைக்கு நீச்சல்." "சும்மா வகுப்புக்கும் புது ரீச்சராம்." யசிந்தா சொன்னாள். அவளுடைய கணவன் ஸ்ரனிஸ்லாஸ் சொன்னான். றொகானும் சொன்னான்.

ஆனால் யசிந்தா மனம் விட்டுவிடவில்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது செலெக்ரிவ் வகுப்பில் சில இடங்கள் வெறுமையாகும். பள்ளிக்கூடமே ஒரு சோதனை வைத்து அவற்றை நிரப்பும். றொகான் இப்போது எட்டாம் வகுப்பு. சனிக்கிழமைகளில் ஸ்ரத்பீல்டில் ரியூசனுக்குப் போய் வந்தான். போ என்றால் போனான், வா என்றால் வந்தான். அவன் முறைப்பாடு சொல்லாததை விருப்பம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. செலெக்ரிவ் வகுப்பைக் கலைத்து எல்லாப் பிள்ளைகளையும் கலந்து படிப்பிக்கலாமா என்று பள்ளிக்கூடம் யோசிக்கிறது. கல்வித் திணைக்களத்துக்கு எழுதுவதற்கு முன் பெற்றோரின் எண்ணத்தைக் கேட்க ஒரு கூட்டம் வைக்கப்போகிறார்கள். கலைத்தால் ஒன்பதாம் வகுப்புச் சோதனையும் இல்லை. றொகானுக்கு இருந்த ஒரே கதவும் போய்விடும்.

அன்று பின்னேரமே கல்யாணியின் போன் வந்தது. கல்யாணி கோயம்புத்தூர்க்காரி, ஒரு வங்கிக்குக் கணினி வேலை செய்கிறவள். அவளுடைய மகள் பார்கவியும் ஜெனோஜாவும் ஒரே செலெக்ரிவ் வகுப்பு.

"யசிந்தா, விஷயம் தெரியுமா? கிளாஸையே தூக்கப் போறாங்களாம்."

"ஓம், ஜெனோஜா சொன்னவள்."

"மீட்டிங்ல நீங்கதான் பேசணும். நான் எந்திரிச்சா, ஐடி-காரி, டியூஷனுக்குக் கொட்டிக் குடுத்தவன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. உங்க பொண்ணு அந்தப் பக்கம், பையன் இந்தப் பக்கம். உங்கள யாரு என்ன சொல்ல முடியும்?"

"எனக்கு மேடையில நிண்டு இங்கிலிஷ் கதைச்சுப் பழக்கமில்ல, கல்யாணி."

"ஊசி போடுறப்போ பேசுறீங்கல்ல, அதே மாதிரி பேசுங்க. கூட்டமே மயங்கிடும்."

"நான் ஊசி போடுறேல்ல. ரத்தம் எடுக்கிறனான்."

"அப்போ இன்னும் நல்லது. எடுத்துருங்க."

யசிந்தா சிரித்துவிட்டு, சரி என்றாள். பேச வேண்டியது அவளுக்கு மனதில் தயாராகவே இருந்தது. சம்மாட்டியின் மகளைப் பற்றிச் சொல்வாள். பெரிய பணம் கட்டுகிற தனியார் பள்ளிக்கூடங்களுக்குத் தங்கள் பிள்ளைகளை அனுப்ப முடியாதவர்களுக்கு இது ஒன்றுதான் ஏணி என்று சொல்வாள்.

ஸ்ரனிஸ்லாஸ் பிளெமிங்ரன் மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் போர்க்லிவ்ற் வண்டி ஓட்டுகிறவன். விடியப் போய் மத்தியானம் வருகிறவன். குசினியில் நின்று அவள் தன் பேச்சைச் சொல்லிப் பார்ப்பதை வாசலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் இருக்கு. பெடியனிட்ட ஒருக்காக் கேட்டனீரோ?"

"என்னத்தை?"

"அவனுக்கு அங்க போக விருப்பமோ எண்டு."

"விருப்பமில்லாமலோ ரியூசனுக்குப் போறான்? நீங்கள் போய்க் குளியுங்கோ. வெங்காய மணம்."

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில், வேலை முடிந்து வருகிறவர்களுக்கு வசதியாக ஆறு மணிக்கு. யசிந்தா வேலைச் சட்டையை மாற்றிக்கொண்டு போனாள். வாசலில் நுழையும்போதே வயலின் சத்தம். மேடை ஓரமாக நான்கு பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி ஜெனோஜா. மண்டபத்தின் பின்பக்கம் நீளமான மேசை போட்டு, நீல ஏப்ரன் கட்டின பிள்ளைகள் தேநீருக்குக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் றொகான். இரண்டு பிள்ளைகளும் ஏதோ ஒரு பொறுப்பில் இருக்கிறார்களே என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வாசிக்கிற நான்கு பேரும் ஒரு வகுப்பு, கோப்பை அடுக்குகிற அத்தனை பேரும் மற்ற வகுப்புகள் என்பது அவள் கண்ணில் பட்டும் மனதில் ஏறவில்லை.

கல்யாணி முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தாள். முதலில் ஒரு சீனத் தகப்பன் பேசினார்; வகுப்பு இருக்க வேண்டும் என்றார். அடுத்து ஒரு அயர்லாந்துப் பெண்மணி பேசினாள், வேண்டாம் என்றாள். இரண்டு பேருக்கும் கை தட்டினார்கள். பிறகு மாணவர் நலனுக்குப் பொறுப்பான ஆசிரியை மிஸ் ஹடாட் எழுந்தாள். ஓபர்னில் பிறந்து வளர்ந்த லெபனான்காரி, குட்டையானவள், மைக்கை இறக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எந்தப் பக்கமும் பேசப் போவதில்லை. மைதானத்தில் நான் கேட்கிற ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்," என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். "இந்தப் பள்ளியில் செலெக்ரிவ் வகுப்பில் இல்லாத பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஸூமா."

யசிந்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ நோயின் பெயர் போலத்தான் காதில் விழுந்தது.

"ஸூமாக்கள் உட்காருகிற வாங்கு, ஸூமாக்களின் வரிசை. ஒருத்தன் பந்தைத் தவறவிட்டால் 'ஸூமா மாதிரி விளையாடாதே'. செலெக்ரிவ் பிள்ளைகள் சொல்கிறார்கள். மற்ற வகுப்புப் பிள்ளைகளும் தங்களைத் தாங்களே அப்படிச் சொல்கிறார்கள். இந்த வருடம் ஏழாம் வகுப்புக்கு வந்த ஒரு சின்னப் பெண், முதல் கிழமையிலேயே என்னிடம் வந்து, 'மிஸ், நான் ஸூமாவா?' என்று கேட்டாள். ஓம் என்பதா, இல்லை என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இது எந்த மொழி என்றும் தெரியவில்லை. அரபு இல்லை, அது நிச்சயம். கொரியன் பிள்ளைகளும் இல்லை என்கிறார்கள். யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்."

கல்யாணி யசிந்தாவின் பக்கம் சாய்ந்தாள். "இது நம்ம சும்மா, யசிந்தா," என்றாள், உதடு அசையாமல்.

யசிந்தா மேடையைப் பார்த்தபடி இருந்தாள். உள்ளங்கை இரண்டும் சில்லிட்டுப் போயின. மயங்கி விழப்போகிற நோயாளிகளின் கை இப்படித்தான் சில்லிடும். எத்தனையோ பேரைப் பிடித்து, தலையைக் குனியுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். இப்போது அவளுக்கு மூச்சை இழுக்கவே தெரியவில்லை. குசினியில் நின்று தங்கச்சியோடு பேசிய ஒரு சொல், மைக்குக்குள்ளால் வந்து, மண்டபச் சுவரில் பட்டு, வேறு யாருடையதோ போலத் திரும்பி வந்திருந்தது.

"நம்ம பசங்க எவனோ கெளப்பி விட்டிருக்கான்," என்றாள் கல்யாணி. "யாருக்கும் தெரியாது, விடுங்க. நீங்க பேசுறப்போ இதத் தொடாதீங்க."

தேநீருக்குப் பத்து நிமிடம் விட்டார்கள். அதற்குப் பிறகு முதல் பெயர் யசிந்தாவுடையது என்று அதிபர் அறிவித்தார். அவள் எழுந்து நேராக ஜெனோஜாவிடம் போனாள். ஜெனோஜா வயலினைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீயோ இந்தச் சொல்லை இங்க பழக்கினது?"

"வாட்? நோ, அம்மா."

"செலெக்ரிவில இருக்கிறது நீ. வீட்டுக் கதையை இங்க கொண்டுவந்து—"

"நான் வாயே திறக்கேல்ல. சத்தியமா." ஜெனோஜா பெட்டியை மூடினாள். "றொகானைக் கேளுங்கோ."

றொகான் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றான். தாயைக் கண்டதும் ஒரு கோப்பையை எடுத்தான்.

"ரீ வேணுமோ அம்மா? பால் முடியப்போகுது."

"அந்தச் சொல்லு ஆர் கொண்டுவந்தது, தம்பி?"

அவன் கோப்பைக்குள் தேயிலைப் பையைப் போட்டான். தண்ணீரைத் திறந்தான். நிரம்பின பிறகு சொன்னான்.

"நான்தான்."

"நீயோ?"

"ஏழாம் வகுப்பு முதல் நாள். ஒரு பெடியன் வந்து எந்தக் கிளாஸ் எண்டு கேட்டான். நான் சும்மா கிளாஸ் எண்டன்."

"ஏன்டா அப்பிடிச் சொன்னனீ?"

"அதின்ர பேர் அதெண்டு நினைச்சன்." அவன் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, வீட்டு விலாசம் சொல்கிற மாதிரிச் சொன்னான். "நீங்கள் எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுவீங்கள். அவங்களுக்கு அந்தச் சத்தம் பிடிச்சிட்டுது. பேந்து எல்லாரும் அப்பிடியே சொல்லத் தொடங்கிட்டாங்கள்."

அப்போது மேசையின் மற்ற முனையிலிருந்து ஒரு பிள்ளை, "ஸூமா, கோப்பை முடிஞ்சுது," என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டது. பகிடி இல்லை, வம்பு இல்லை, அவசரத்தில் கூப்பிடுகிற குரல். றொகான் திரும்பினான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எப்படித் திரும்புவானோ அப்படித் திரும்பினான். கோப்பை அடுக்கை எடுத்துக்கொண்டு போனான்.

அவனுக்குப் பெயர் தேடி அவளும் ஸ்ரனிஸ்லாசும் சண்டை போட்டிருந்தார்கள். ஞானஸ்நானத்தில் சாமியார் இரண்டு தரம் கேட்டு எழுதின பெயர் அது. அந்தப் பிள்ளை அவள் வைக்காத பெயருக்குத் திரும்பியதை, இல்லை, அவளேதான் வைத்த பெயருக்குத் திரும்பியதை, அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளை மைக்குக்குக் கூப்பிட்டார்கள்.

சம்மாட்டியின் மகள் நினைவுக்கு வரவில்லை. ஏணி நினைவுக்கு வரவில்லை. மிஸ் ஹடாட் எங்கே இருக்கிறாள் என்று தேடிப் பார்த்து, அவளுக்குச் சொல்வதுபோலத் தொடங்கினாள். அவளுடைய ஆங்கிலம் சின்னச் சின்ன வசனங்களாக வந்தது.

"நீங்கள் கேட்ட சொல் தமிழ். சும்மா. அது கெட்ட சொல் இல்லை. என்ன செய்கிறாய் என்று கேட்டால் சும்மா இருக்கிறேன் என்போம். ஏன் வந்தாய் என்றால் சும்மா வந்தேன் என்போம். பகிடிக்குச் சொன்னாலும் சும்மா. இலவசமும் சும்மா. ஒன்றும் இல்லாததும் சும்மா."

பின்வரிசையில் இரண்டு மூன்று தமிழர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்கள்.

"என் மகன் செலெக்ரிவ் வகுப்பில் இல்லை. நான் அவனுடைய வகுப்புக்கு அந்தப் பெயரை வைத்தேன். என் வீட்டில். அவன் அதுதான் உண்மைப் பெயர் என்று நினைத்து இங்கே கொண்டுவந்தான். அந்தச் சின்னப் பெண் கேட்டாள் என்றீர்களே, அந்தச் சொல் என்னுடையது."

கல்யாணி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிபர் மரியாதையாக, அப்படியானால் வகுப்பு இருக்க வேண்டும் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்டார்.

"இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்தேன்," என்றாள் யசிந்தா. "இப்போது சொல்ல முடியவில்லை. ஒரு வகுப்புக்குப் பெரிய பெயர் வைத்தால், மற்றதுக்கு யாரோ ஒருவர் ஒரு பெயர் வைக்கத்தான் போகிறார்கள். நான் வைக்காவிட்டால் இன்னொரு தாய் வைப்பாள். கலந்துவிடுங்கள்."

திரும்பி வந்து இருந்தபோது கல்யாணி தன் கைப்பையை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"உங்க வீட்டு விஷயத்துக்கு எங்க பசங்க கிளாஸ் போகணுமா?" என்றாள், மெதுவாகத்தான். "அந்த வார்த்தைய நிறுத்தச் சொன்னா நிறுத்திருப்பாங்க."

அது நியாயமான கேள்வி என்று யசிந்தாவுக்கும் பட்டது. இன்னும் நான்கைந்து பேர் பேசினார்கள். முடிவில் கை உயர்த்தச் சொன்னார்கள். கலக்க வேண்டும் என்பதற்குப் பாதிக்கு மேல் கைகள் எழுந்தன. யசிந்தாவும் உயர்த்தினாள். கூட்டத்தின் விருப்பத்தை அப்படியே திணைக்களத்துக்கு எழுதுவதாக அதிபர் சொன்னார். பின்பக்கம் ஏப்ரன் கட்டின பிள்ளைகளில் ஒருவன் பலமாகக் கை தட்டினான். அது றொகான் இல்லை.

காரில் ஜெனோஜா முன்னால் இருந்தாள், றொகான் பின்னால். ஒலிம்பிக் டிரைவ் தாண்டும்போது யசிந்தா கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவமானப்பட்டிருப்பான், அல்லது ஆறுதல் பட்டிருப்பான். இரண்டில் ஒன்று என்று எண்ணிக்கொண்டாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்றான் அவன்.

"உனக்காகத்தானடா ராசா."

"நான் பாஸ் பண்ணியிருப்பன்."

அவள் காரை மெதுவாக்கினாள்.

"ரியூசன் ரெஸ்ற்றில நான் போன மாசம் மூண்டாவது," என்றான். "ஒன்பதாம் வகுப்பில நான் உள்ள போயிருப்பன். எல்லாருக்கும் காட்டியிருப்பன். இப்ப அந்தச் சோதனையே இல்ல."

"உனக்கு அவ்வளவு விருப்பமெண்டு நீ ஒருநாளும் சொல்லேல்லயே."

"நீங்கள் படி எண்டனீங்கள். நான் படிச்சன். வேற என்னெண்டு சொல்லுறது?"

ஜெனோஜா பின்னால் திரும்பினாள். "ஆனா இனி ஒருத்தரும் ஸூமா இல்லையே, றொகான். அது நல்லதுதானே."

"உனக்கு நல்லது. நீ ஒருநாளும் ஸூமாவா இருக்கேல்ல." அவன் ஆங்கிலத்துக்கு மாறினான். "இனி எல்லாரையும் கலந்துவிட்டால், ஸூமாவிலிருந்து நானாகவே வெளியே வந்திருப்பேன் என்று யாருக்கும் தெரியாது."

யசிந்தா காரை ஓரமாக நிறுத்தினாள். ஸ்ரியரிங்கில் இருந்த கைகளை எடுக்கவில்லை. அவனுக்கு அந்தப் பெயர் வலிக்கிறது என்று மட்டும்தான் அவளுக்குத் தோன்றியிருந்தது. அந்தப் பெயரை வெல்வதற்கு அவன் இத்தனை சனிக்கிழமைகளாக நாளெண்ணிக் காத்திருந்தான் என்பது இப்போதுதான் தெரிந்தது. அவள் பிள்ளைதான் அவன். வெட்டுப்புள்ளிக்கு மேலே நிற்க வேண்டும் என்று வாய் திறக்காமல் படித்த ஒரு பிள்ளையை அவளைவிட வேறு யாருக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்?

"நாளைக்கு நான் அதிபரிட்டப் போய் மாத்திச் சொல்லட்டோ?" என்றாள்.

லொறி ஒன்று காரை ஆட்டிவிட்டுப் போயிற்று.

"வேண்டாம். என்னோட கோப்பை அடுக்கின பைசல் எவ்வளவு சந்தோசமாக் கை தட்டினவன், கண்டனீங்களோ? அவனுக்கு ரியூசனும் இல்ல, ஒண்டும் இல்ல." ஏப்ரனைத் திருப்பிக் கொடுக்க மறந்து கட்டியபடியே வந்திருந்தான், இப்போது அதன் முடிச்சை அவிழ்த்தான். "அவனுக்கு இது நல்லது. ஆனா மைக்குக்குப் போறதுக்கு முன்னம் என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாம் அம்மா. பக்கத்திலதானே நிண்டனான்."